மாற்றிய கார்டைத் திரும்பக் கேட்க முடியுமா?

கேள்வி: வக்கீல் சார், எனக்கு வயது 26, ஊர் மன்னார்குடி, உரக் கம்பெனியில் விற்பனைப் பிரிவில் வேலை. சில வருஷமாகப் போக்கிமான் கார்டு சேர்க்கிறேன், கொஞ்சம் ஐபிஎல் கார்டும் உண்டு. டெல்டா பக்கத்துப் பையன்கள் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை கும்பகோணத்தில் ஒரு டீக்கடை மாடியில் கூடிக் கார்டு மாற்றிக்கொள்வோம். போன மாதம் அங்கே தஞ்சாவூர்க்காரர் ஒருவரிடம் 2 ஜப்பான் கார்டும் ரொக்கம் ரூ.6,000-மும் கொடுத்து, 1999 அச்சு சாரிசார்ட் (போக்கிமானில் பெரிய விலை போகிற பழைய கார்டு) ஒன்று வாங்கினேன். வீட்டுக்கு வந்து டார்ச் அடித்தால் வெளிச்சம் அப்படியே மறுபக்கம் வருகிறது. டூப்ளிகேட். கேட்டதற்கு, "எனக்கும் ஒரிஜினல்னு சொல்லித்தான் ஒருத்தர் கொடுத்தார், மாத்தினது மாத்தினதுதான், குரூப் ரூல் தெரியாதா" என்கிறார். இதே ஆள் 2 வருஷத்துக்கு முன்னால் என்னிடம் வாங்கிய ஒரு கார்டு இப்போது அஞ்சு மடங்கு விலை போகிறது. விலை ஏறப்போவது அவருக்கு அப்போதே தெரியுமாம். இதற்கு நடுவில் என் அக்கா மகன், 14 வயது, அதே மாடியில் காலேஜ் முடித்த ஒருவரிடம் தன்னுடைய நல்ல ஹோலோ கார்டை, அதாவது பளபளக்கிற கார்டைக் கொடுத்துவிட்டு 11 சாதாரணக் கார்டு வாங்கி வந்திருக்கிறான். கூட்டிக்கொண்டு போனது நான் என்பதால் அக்கா என்னைத் திட்டித் தீர்க்கிறாள். போலீசில் 420 கொடுக்கலாமா? அந்த ஆளின் போட்டோவைப் போட்டு 'திருடன்' என்று எல்லா குரூப்பிலும் அனுப்ப ரெடியாக வைத்திருக்கிறேன். யூடியூபில் காட்டுகிற மாதிரி கார்டைக் கிழித்துக் காட்டினால் சாட்சி ஆகுமா?

பதில்: தம்பி, கடைசியாகக் கேட்டதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன், அவசரப்பட்டு அதைச் செய்துவிட்டீர்கள் என்றால் மீதிப் பதில் எல்லாம் வீண். அந்தக் கார்டைக் கிழிக்காதீர்கள். ஒரிஜினல் போக்கிமான் கார்டின் அட்டைக்கு நடுவே மெல்லிய கறுப்பு அடுக்கு ஒன்று இருக்கும், கிழித்தால் தெரியும், மலிவான போலியில் அது இருக்காது, யூடியூப்காரர்கள் சொல்வது சரிதான். ஆனால் அது போலி என்பது உங்களுக்கு ஏற்கெனவே தெரிந்துவிட்டது, இனி வேண்டியது கொடுத்ததைத் திரும்ப வாங்குவது. ஏமாந்து செய்துகொண்ட ஒப்பந்தத்தை ரத்து செய்கிறவர், அதில் தான் பெற்றதைத் திருப்பிக் கொடுத்தாக வேண்டும் என்கிறது இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 64-வது பிரிவு. நீங்கள் போய் ரெண்டு துண்டு அட்டையை நீட்டினால், "நான் கொடுத்தது இது இல்லை, நல்லதை வீட்டில் வைத்துக்கொண்டு எதையோ கிழித்துக் காட்டுகிறார்" என்று சொல்லிவிட்டுப் போவார். அதற்கு உங்களிடம் பதில் இருக்காது.

எனவே அதை ஸ்லீவில், அதாவது மெல்லிய பிளாஸ்டிக் உறையில் போட்டு, முன்பக்கம், பின்பக்கம், நான்கு ஓரம் எல்லாவற்றையும் பகல் வெளிச்சத்தில் படம் எடுங்கள். டார்ச் அடிப்பதை வீடியோவாக எடுங்கள், ஆனால் சந்தேகமே இல்லாத ஒரு நல்ல கார்டையும் பக்கத்தில் வைத்து அதே டார்ச்சை அதே தூரத்தில் அடித்துக் காட்டுங்கள், ஏனென்றால் ஒரிஜினலிலும் கொஞ்சம் வெளிச்சம் கசியும், வித்தியாசம் தெரிந்தால்தான் அது சாட்சி. அப்புறம் பீரோவில் வைத்துப் பூட்டிவிடுங்கள். நமக்கு ஒருவர் கட்டிவிட்டார், நாம் அடுத்த மாதம் வேறொருவர் தலையில் கட்டிவிடலாம் என்ற யோசனை ராத்திரி படுக்கும்போது வரும், எல்லோருக்கும் வரும். போலி என்று தெரிந்தபின் ஒரிஜினல் என்று சொல்லிக் கொடுத்தால் நீங்கள் கேட்கிற அந்த 420 உங்கள் மேல்தான் திரும்பும்.

அடுத்தது வேகமாகச் செய்ய வேண்டியது. உங்கள் 2 ஜப்பான் கார்டும் இன்னும் அவர் கையில் இருக்கிறதா என்று நீங்கள் எழுதவில்லை, எனக்கு அதுதான் கவலை. இந்த மாதிரி ஒப்பந்தம் சட்டப்படி பிறக்கும்போதே செத்தது கிடையாது, நீங்கள் ரத்து செய்யும்வரை உயிரோடு இருக்கிறது. அதற்குள் அவர் அந்தக் கார்டுகளை, விவகாரம் எதுவும் தெரியாத ஒருவரிடம் நல்லபடியாகக் கொடுத்து மாற்றிவிட்டால், வாங்கியவருக்கு அது சொந்தமாகிவிடும். சரக்கு விற்பனைச் சட்டம், 1930-ன் 29-வது பிரிவு அவரைக் காப்பாற்றுகிறது. அதன்பின் நீங்கள் பணமாகக் கேட்கலாம், அந்தக் கார்டுகளைக் கேட்க முடியாது. அடுத்த ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்துக்கு முன்னால், முடிந்தால் இதைப் படித்த இன்றைக்கே, அவருக்கு எழுதிவிடுங்கள்.

எப்படி எழுதுவது? வசை வேண்டாம், வக்கீல் நோட்டீஸ் மொழியும் வேண்டாம். "இன்ன தேதியில் கும்பகோணத்தில் 1999 அச்சு ஒரிஜினல் சாரிசார்ட் என்று நீங்கள் சொல்லி எனக்கு ஒரு கார்டு கொடுத்தீர்கள். அதற்கு நான் இந்த 2 கார்டும் ரூ.6,000-மும் கொடுத்தேன். அது ஒரிஜினல் இல்லை என்று தெரிய வந்திருக்கிறது. இந்த மாற்றத்தை நான் ரத்து செய்கிறேன். உங்கள் கார்டு என்னிடம் பத்திரமாக இருக்கிறது, வாங்கிக்கொண்டு என்னுடையவற்றை 15 நாளுக்குள் தந்துவிடுங்கள். அதுவரை என் கார்டுகளை யாருக்கும் கொடுக்க வேண்டாம்." இவ்வளவுதான். வாட்ஸப்பில் அனுப்புங்கள், அதையே தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டு ஸ்பீடு போஸ்டிலும் அனுப்புங்கள். பதிவுத் தபால் 2025-ல் ஸ்பீடு போஸ்டோடு சேர்ந்துவிட்டது, அதனால் போஸ்ட் ஆபீசில் போய் ரிஜிஸ்டர் போஸ்ட் என்று தேடி அலைய வேண்டாம். சேர்ப்பித்ததற்கான அத்தாட்சியையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

இப்போது அவர் சொல்கிற இரண்டு சமாதானத்துக்கு வருகிறேன். "மாத்தினது மாத்தினதுதான்" என்கிறார். பணம் கொடுத்து வாங்கினால்தான் சட்டம், மாற்றிக்கொண்டால் அது நட்பு என்று உங்கள் கூட்டத்தில் பலருக்கும் ஒரு நினைப்பு இருக்கும் போலிருக்கிறது. அப்படி இல்லை. சொத்து மாற்றுச் சட்டம், 1882-ல் பரிவர்த்தனைக்கு என்றே ஒரு சின்ன அத்தியாயம் இருக்கிறது, 118 முதல் 121 வரை நாலே பிரிவு. ஒரு பொருளுக்கு இன்னொரு பொருளை மாற்றிக்கொள்கிறவர்களில் ஒவ்வொருவரும் தான் கொடுத்ததற்கு விற்பவர், தான் எடுத்ததற்கு வாங்குபவர் என்று 120-வது பிரிவு சொல்லிவிடுகிறது. சாரிசார்டைப் பொறுத்தவரை அவர் கடைக்காரர், ஜப்பான் கார்டுகளைப் பொறுத்தவரை நீங்கள் கடைக்காரர். விற்பவருக்கு உள்ள பொறுப்பு முழுவதும் அவருக்கு உண்டு. இன்னது என்று சொல்லிக் கொடுத்தால் அது இன்னதாகவே இருக்க வேண்டும் என்பதும் அதில் அடக்கம்.

குரூப் ரூல் என்பது மனம் மாறி வந்து கேட்கிறவர்களுக்கு. நேற்றுப் பிடித்தது, இன்றைக்குப் பிடிக்கவில்லை, திருப்பிக் கொடு என்றால் கொடுக்க வேண்டியதில்லை, அதற்கு அந்த ரூல் நியாயமானது. பொய்யான விவரத்தைச் சொல்லிக் கொடுத்ததற்கு எந்த குரூப் ரூலும் குடை பிடிக்காது. ஆனால் ஒன்று, "ஒரிஜினலா டூப்ளிகேட்டா எனக்குத் தெரியாதுப்பா, பார்த்து எடுத்துக்கோ" என்று அவர் சொல்லி நீங்கள் எடுத்திருந்தால் கதை வேறு, அந்த அபாயத்தை நீங்கள் தெரிந்தே ஏற்றுக்கொண்டீர்கள் என்று ஆகிவிடும். அவர் என்ன வார்த்தை சொன்னார் என்று உட்கார்ந்து நினைவுபடுத்திப் பாருங்கள், பக்கத்தில் யார் இருந்தார்கள் என்பதையும்.

"எனக்கும் ஒரிஜினல்னுதான் சொன்னாங்க" என்பது அவருடைய ரெண்டாவது சமாதானம். அவர் சொல்வது உண்மையாகவே இருக்கட்டும். போலி என்று தெரிந்தே சொல்லியிருந்தால் அது ஒப்பந்தச் சட்டத்தின் 17-வது பிரிவில் மோசடி, நம்பிச் சொல்லியிருந்தால் 18-வது பிரிவில் தவறான கூற்று. பெயர்தான் வேறு, இரண்டிலும் 19-வது பிரிவின்படி நீங்கள் ரத்து செய்யலாம். அவருடைய நல்ல மனசு அவரை ஜெயிலிலிருந்து காப்பாற்றும், கார்டைத் திருப்பிக் கொடுப்பதிலிருந்து காப்பாற்றாது. அவர் தனக்குக் கொடுத்தவரிடம் போய்க் கேட்டுக்கொள்ள வேண்டியதுதான், அது அவர் பாடு.

ஆனால் அதே 19-வது பிரிவில் ஒரு வால் இருக்கிறது, அதை உங்களிடம் மறைக்கக் கூடாது. அவர் நம்பித்தான் சொன்னார் என்று ஆகிவிட்டால், 'சாதாரணக் கவனத்தோடு பார்த்திருந்தால் உனக்கே தெரிந்திருக்குமே' என்ற கேள்வி உங்கள் பக்கம் திரும்பும். தெரிந்திருக்கக்கூடிய வாய்ப்பு இருந்தும் பார்க்காமல் வாங்கினவர் ரத்து செய்ய முடியாது. தெரிந்தே பொய் சொன்னவருக்கு இந்தச் சலுகை கிடையாது, அறியாமல் சொன்னவருக்கு உண்டு. எதிர்த்தரப்பு வக்கீல் நானாக இருந்தால் இதைத்தான் பிடிப்பேன்: சில வருஷமாகச் சேர்க்கிறவர், கையில் செல்போன் டார்ச் இருக்கிறது, வீட்டுக்குப் போய் அடித்த டார்ச்சை டீக்கடை மாடியிலேயே அடித்திருக்கலாமே? விலையும் உங்களுக்கு எதிராகப் பேசும். இந்த சாரிசார்டிலேயே முதல் பதிப்பு முத்திரையும், கார்டுகளின் தரத்தைப் பார்த்து மதிப்பெண் போடுகிற பி.எஸ்.ஏ. நிறுவனத்தின் 10 மதிப்பெண்ணும் உள்ள ஒன்று 2022-ல் 4,20,000 டாலருக்கு ஏலம் போனது. உங்களுடையது அந்த முத்திரை இல்லாத சாதாரண அச்சு என்றே வைத்துக்கொண்டாலும், நல்ல நிலையில் உள்ள கார்டை அந்த விலைக்கு ஒருவர் ஏன் கொடுக்கிறார் என்று ஒரு நிமிஷம் யோசித்திருக்க வேண்டும்.

உங்கள் பக்கம் சொல்லவும் ஒன்று இருக்கிறது. சாதாரணக் கவனம் என்பது நிபுணனின் கவனம் இல்லை. ஸ்லீவுக்குள், அதுவும் டாப்லோடர் என்கிற கெட்டியான பிளாஸ்டிக் உறைக்குள் இருந்த கார்டை வெளியே எடுக்க அவர் விடவில்லை என்றால், மங்கலான இடம் என்றால், அதைச் சொல்லலாம். அப்படி நடந்திருந்தால் உங்கள் மெசேஜில் அந்த ஒரு வரியையும் சேர்த்து எழுதுங்கள்.

சரி, இனிமேல் பார்க்கும்போது என்ன பார்ப்பது என்பது உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும், ஆனாலும் வழக்கில் எது நிற்கும் என்ற கோணத்தில் சொல்கிறேன். அந்த 1999 அச்சில் சாரிசார்டின் எண் 4/102, கார்டின் கீழே வலது மூலையில் இருக்கும், ஹெச்.பி. என்கிற உயிர்ப்புள்ளி 120. சாதாரண அச்சில் படச்சட்டத்தின் வலது ஓரத்தில் ஒரு நிழல் உண்டு, ஆரம்பத்தில் வந்தவற்றில் அந்த நிழல் கிடையாது. முதல் பதிப்பு முத்திரை என்றால் படத்துக்குக் கீழே இடது பக்கம். பின்பக்கம் போக்கிமான் என்ற ஆங்கிலப் பெயரில் 'ஈ' எழுத்தின் தலையில் ஒரு சாய்ந்த கோடு இருக்க வேண்டும், மலிவுப் போலிகளில் அது பல சமயம் விட்டுப்போயிருக்கும், பின்பக்க நீலமும் வெளிறியோ ஊதா கலந்தோ இருக்கும். ஓரத்தை ஒரு பூதக்கண்ணாடியில் பார்த்தால், கிழிக்காமலேயே நடுவில் ஓடுகிற கறுப்புக் கோடு தெரியும். இதையெல்லாம் பார்க்க அஞ்சு நிமிஷம் போதும், அந்த அஞ்சு நிமிஷம்தான் சட்டம் கேட்கிற சாதாரணக் கவனம். அளவையும் பாருங்கள், 63-க்கு 88 மில்லிமீட்டர், உங்களிடம் உள்ள வேறொரு நல்ல கார்டின் மேல் வைத்தால் மூலை வளைவு உட்பட ஒன்றோடு ஒன்று பொருந்த வேண்டும். கடைத்தெருவில் பொம்மைக் கடைகளில் தங்க நிறத்தில் டப்பா டப்பாவாகத் தொங்குகிற கார்டுகளைப் பற்றிப் பேச வேண்டியதே இல்லை, அவை விளையாட்டுச் சாமான்.

ரெண்டு வருஷத்துக்கு முந்தைய கார்டு விஷயம். அது முடியாது, அதை இதோடு சேர்க்காதீர்கள், சேர்த்தால் வலுவான கேஸும் பலவீனமாகிவிடும். ஒரு பொருளின் மதிப்பைத் தப்பாகக் கணித்துவிட்டோம் என்பது சட்டம் கண்டுகொள்கிற பிழை கிடையாது, ஒப்பந்தச் சட்டத்தின் 20-வது பிரிவின் விளக்கத்தில் இது வெளிப்படையாகவே எழுதியிருக்கிறது. கொடுத்ததற்கு ஈடாக வந்தது குறைச்சல் என்ற ஒரே காரணத்துக்காகவும் ஒப்பந்தம் செல்லாமல் போகாது. "அவருக்கு அப்போதே தெரியும்" என்கிறீர்கள். தெரியட்டுமே. 1872-ல் எழுதிய அந்தச் சட்டத்தின் 17-வது பிரிவுக்கு அடியில் சில உதாரணங்கள் கொடுத்திருக்கிறார்கள், இரண்டு வியாபாரிகளில் ஒருவருக்கு விலை மாறப்போகும் செய்தி முன்கூட்டியே தெரிகிறது, மற்றவருக்குத் தெரிந்தால் அவர் ஒப்பந்தத்துக்கே வரமாட்டார், ஆனாலும் அதைச் சொல்ல வேண்டிய கடமை முதல்வருக்கு இல்லை என்று அதில் ஒன்று. உங்கள் விஷயத்துக்கே எழுதி வைத்த மாதிரி இருக்கிறது. அவர் நாலு இணையதளம் பார்த்து விலை தெரிந்துகொண்டார், நீங்கள் பார்க்கவில்லை. தெரிந்தும் சொல்லாமல் வாங்கிப் போகிறவரோடு அடுத்த ஞாயிறு யாரும் கார்டு ஆல்பத்தைத் திறக்க மாட்டார்கள் என்பது வேறு, அதற்குக் கோர்ட் தேவையில்லை.

அதே இடத்தில் இன்னொரு உதாரணம் இருக்கிறது, அதை உங்கள் கூட்டத்தில் எல்லோரும் தெரிந்து வைத்துக்கொள்ளலாம். ஒருவர் நோய்ப்பட்ட குதிரையை விற்கிறார், நோய் என்று தெரிந்தும் வாயே திறக்கவில்லை. அது மோசடி இல்லை. ஆனால் வாங்குகிறவர், "நீ மறுக்காவிட்டால் குதிரை நல்ல குதிரை என்று எடுத்துக்கொள்கிறேன்" என்று சொல்லி, அதற்கும் அவர் சும்மா இருந்தால், அந்த மௌனம் பேச்சுக்குச் சமம். ஒரு கேள்வி கேட்பதில் இவ்வளவு வித்தியாசம். கார்டு மாற்றுவதற்கு முன்னால் வாட்ஸப்பில் "இது ஒரிஜினல், மடிப்பு இல்லை, வேறு யாருக்கும் சொந்தமில்லை, சரியா?" என்று ஒரு வரி தட்டிவிட்டு, அவர் "சரி" என்று போட்டபின் கையை நீட்டுங்கள். இப்போது நீங்கள் செய்வது மாட்டுச் சந்தையில் துண்டுக்கு அடியில் விரலைப் பிடித்து விலை பேசுகிற கதைதான், பேசின ரெண்டு பேரைத் தவிர மூணாவது ஆளுக்கு ஒன்றும் தெரியாது, நாளைக்கு நீதிபதிக்கும் தெரியாது.

அந்த மெசேஜ்களைப் பற்றி ஒரு எச்சரிக்கை. தானாக அழிந்துபோகிற மெசேஜ் வசதி குரூப்பில் போட்டிருந்தால் உடனே நிறுத்துங்கள். ஸ்கிரீன்ஷாட்டை மட்டும் பிரிண்ட் போட்டுக்கொண்டு என்னிடம் வருகிறவர்கள் அதிகம், அது போதாது. மின்னணுப் பதிவைக் கோர்ட்டில் காட்ட பாரதிய சாட்சிய அதினியம் என்கிற புதிய சாட்சியச் சட்டத்தின் 63-வது பிரிவின்படி சான்றிதழ் கொடுக்க வேண்டும், அதற்கு மூலப் பதிவு இருக்கிற போன் வேண்டும். போனை மாற்றுவதாக இருந்தால் கொஞ்ச நாள் தள்ளிப் போடுங்கள்.

போலீஸ் பற்றிக் கேட்டீர்கள். பழைய 420 இப்போது பாரதிய நியாய சன்ஹிதா என்கிற புதிய தண்டனைச் சட்டத்தில் 318-வது பிரிவின் 4-வது உட்பிரிவு, 2024 ஜூலை 1-லிருந்து. 7 வருஷம் வரை தண்டனை உள்ள குற்றம், அதற்கு ஆரம்பத்திலிருந்தே ஏமாற்றும் எண்ணம் இருந்தது என்று காட்ட வேண்டும். "எனக்கும் ஒருத்தர் கொடுத்தார்" என்று அவர் சொன்னதும், அது சிவில் விவகாரம் என்று ஸ்டேஷனில் சொல்லி அனுப்பிவிடுவதற்குத்தான் வாய்ப்பு அதிகம், மிஞ்சிப்போனால் புகார் வந்ததற்கு ஒரு சி.எஸ்.ஆர். ரசீது. இதே ஆள் இதே மாதிரிப் போலியை வேறு இரண்டு மூன்று பேருக்கும் கொடுத்திருக்கிறார் என்று தெரிய வந்தால் நிலைமை மாறும், அப்போது எல்லோரும் சேர்ந்து போங்கள். நேரில் பார்க்காமல் ஆன்லைனில் பணம் அனுப்பி ஏமாந்திருந்தால் மட்டும் யோசிக்காமல் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930-க்குப் போன் செய்ய வேண்டும், அங்கே முதல் சில மணி நேரம்தான் பணத்தைத் தடுத்து நிறுத்த உதவும்.

'திருடன்' போஸ்டரை அழித்துவிடுங்கள். அவர் உங்களிடம் திருடவில்லை, அதனால் அந்த வார்த்தையே பொய், அது போதும் அவர் உங்கள் மேல் அவதூறு வழக்குப் போட, அதே சன்ஹிதாவின் 356-வது பிரிவு. கொடுக்க வேண்டியவர் கேட்க வேண்டியவராக மாறிவிடுவார், நான் இதைப் பார்த்துக்கொண்டே இருக்கிறேன், பாத்திரக் கடைத் தகராறிலிருந்து பங்காளித் தகராறு வரை. குரூப்பில் எழுதித்தான் ஆக வேண்டும் என்றால் நடந்ததை மட்டும் எழுதுங்கள்: இன்ன தேதியில் இதை மாற்றினோம், இப்படித் தெரிந்தது, திருப்பிக் கேட்டிருக்கிறேன். போட்டோவும் பட்டப்பெயரும் வேண்டாம்.

15 நாளில் பதில் வரவில்லை என்றால் நேரே முன்சீப் கோர்ட்டுக்கு ஓட வேண்டாம். விஷயம் தெரிந்த நாளிலிருந்து 3 வருஷம் இருக்கிறது, அதற்காகத் தூங்கவும் வேண்டாம். கோர்ட் வளாகத்திலேயே வட்டச் சட்டப் பணிகள் குழு அலுவலகம் இருக்கும், வழக்கே போடாமல் அங்கே ஒரு மனு கொடுக்கலாம், கோர்ட் கட்டணம் கிடையாது. அவருக்கு அழைப்பு அனுப்பி ரெண்டு பேரையும் உட்கார வைத்துப் பேசுவார்கள், லோக் அதாலத்தில் சமரசமாக முடிந்தால் அது சிவில் கோர்ட் தீர்ப்புக்குச் சமம், அதன்மேல் அப்பீலும் கிடையாது. அவர் வராமலே இருந்துவிட்டால் ஒன்றும் நடக்காது என்பதும் உண்மை, ஆனால் கோர்ட் முத்திரையோடு தபால் வந்தால் தஞ்சாவூரில் அவர் வீட்டில் அம்மாவோ அப்பாவோ என்ன ஏது என்று கேட்பார்கள், பாதி விவகாரம் அங்கேயே தீரும். நுகர்வோர் கோர்ட் இதற்குச் சரிவராது, அவர் இதையே கடையாக நடத்துகிறவர் என்றால் மட்டும் யோசிக்கலாம்.

நீங்கள் கேட்காத ஒன்று, ஆனால் அடுத்த தகராறு இதில்தான் வரும். ஐப்பசி, கார்த்திகையில் நம்ம பக்கம் மழை பிடித்துக்கொண்டால் வீட்டில் உப்பே கசிகிறது, ஹோலோ கார்டு வளையாமல் இருக்குமா? அதன் ஒரு பக்கம் பளபளக்கிற படலம், மறுபக்கம் தாள். தாள் ஈரத்தை இழுத்து விரிகிறது, படலம் விரிவதில்லை, அதனால் கார்டு வில் மாதிரி வளைகிறது. மாற்றிக்கொண்ட அன்று நேராக இருந்தது, ரெண்டு வாரத்தில் வளைந்துவிட்டது, ஏமாற்றிவிட்டான் என்று ஒருவர் வருவார். சொந்தம் கைமாறிய பிறகு பொருளுக்கு நேர்வது வாங்கியவர் தலையில்தான், அதனால் கொடுத்தவர் பொறுப்பில்லை. ஆனால் அன்றைக்கு நேராகத்தான் இருந்தது என்று காட்ட அன்றைக்கு எடுத்த படம் வேண்டும், மேஜை மேல் படுக்க வைத்துப் பக்கவாட்டில் ஒன்று. சேமித்து வைக்கிற டப்பாவில் சிலிகா ஜெல் பொட்டலம் போட்டு இறுக்கமாக மூடி வையுங்கள். கொரியரில் அனுப்பினால் ஸ்லீவ், அதன்மேல் டாப்லோடர், ரெண்டு பக்கமும் கெட்டி அட்டை, வெளியே தண்ணீர் புகாத கவர். கட்டுவதையும் பிரிப்பதையும் ஒரே ஓட்டமாக, வெட்டாமல் வீடியோ எடுங்கள்.

இனி அக்கா மகன். எங்கள் காலத்தில் ரெஸ்லிங் ட்ரம்ப் கார்டு, ரேங்க் 1 கார்டு ஒன்றுக்கு மற்றது பத்து கேட்பான்கள், சாயங்காலத்துக்குள் அது கிளாஸ் முழுக்கச் சுற்றிவிட்டு வரும், யாரும் சட்டம் பேசவில்லை. ரெண்டு பக்கமும் பையன்கள் என்றால் இன்றைக்கும் அப்படியே விட்டுவிடச் சொல்வேன். இங்கே எதிரில் இருப்பவர் காலேஜ் முடித்த ஆள்.

18 வயது நிரம்பாதவர் செய்கிற ஒப்பந்தம் ஆரம்பத்திலிருந்தே செல்லாது. மோஹரி பீபி வழக்கில் 1903-ல், அன்றைக்கு நமக்குக் கடைசி அப்பீல் கோர்ட்டாக லண்டனில் இருந்த பிரிவி கவுன்சில் சொன்னது, இன்றுவரை அதுதான் நிலை. உங்கள் சாரிசார்ட் விஷயத்தில் பொய் சொன்னாரா, கவனமாகப் பார்த்தீர்களா என்று ஆயிரம் கேள்வி, பையன் விஷயத்தில் அது ஒன்றும் கிடையாது. எதிரில் இருந்தவர் ஒரு பொய்யும் சொல்லியிருக்க வேண்டாம், "பையனே ஆசைப்பட்டுத்தான் கேட்டான்" என்பது முழு உண்மையாகவும் இருக்கலாம், அப்போதும் அங்கே ஒப்பந்தம் என்று ஒன்று உண்டாகவே இல்லை. விலை வித்தியாசத்தைப் பற்றிப் பேசவே பேசாதீர்கள், பேசினால் பேரம் ஆரம்பித்துவிடும். 14 வயசுப் பையன், வீட்டில் கேட்காமல் கொடுத்துவிட்டான், உங்கள் 11 கார்டும் இதோ, அவனுடையதைக் கொடுங்கள் என்று மட்டும் சொல்லுங்கள். வயசுக்குப் பள்ளி அடையாள அட்டை போதும். நீங்கள் போகாமல் அக்காவோ அத்தானோ போவது நல்லது, சட்டப்படி கேட்க வேண்டியவர்கள் பெற்றோர், போதாக்குறைக்கு நீங்கள் அந்த மாடியில் ஏற்கெனவே ஒரு சண்டையில் இருக்கிறீர்கள். பெரும்பாலும் கொடுத்துவிடுவார்கள், சின்னப் பையனிடம் வாங்கினான் என்ற பேர் யாருக்கும் பிடிக்காது.

அதற்கு அந்த 11-ம் அப்படியே இருக்க வேண்டும். அக்காவுக்குப் போன் போட்டு, பையன் பள்ளிக்கூடத்துக்கு எடுத்துக்கொண்டு போய் அதில் நாலை வேறு யாரிடமாவது மாற்றிவிடுவதற்கு முன்னால் எல்லாவற்றையும் எண்ணி வாங்கி வைக்கச் சொல்லுங்கள்.